36-க்கு இறங்கிய நாடி: குடியாத்தத்து நெசவாளர் ஒருவரின் மாத்திரைப் பை

குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்யும் 66 வயதுப் பெரியவர் ஒருவர், இதய மாத்திரைகளை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு வந்தார். அவர்தான் கடந்த வைகாசியில் ஓர் இரவு, நாடி 36, ரத்த அழுத்தம் 84/50 என்ற நிலையில் எங்கள் சிறிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதைப் பாதி படித்துவிட்டு யாராவது பயந்துபோய்த் தங்கள் மாத்திரைகளை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முன்கதை

நாற்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பீடியை விட்டு இருபது வருடம் ஆகிறது. சர்க்கரை இல்லை. பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு உண்டு. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனாலபிரில் 5 மி.கி., அட்டெனலால் 50 மி.கி. என்று இரண்டு மாத்திரைகளை மாதாமாதம் வாங்கி ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார்.

டிசம்பரில் மாரடைப்பு வந்தது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 38 சதவீதம்தான்; இருக்க வேண்டியதைவிடக் குறைவு. வீட்டுக்கு அனுப்பும்போது எட்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள்: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40, மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலால் 50, ராமிப்ரில் 5, ஃபுரோஸ்மைடு 40 (நீர் மாத்திரை), ஸ்பைரோனோலாக்டோன் 25, வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் 40. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சார்பிட்ரேட் 5 மி.கி. தனியாக. அந்த இதயத்துக்கு நானும் இதையேதான் எழுதியிருப்பேன்.

பழைய இரண்டு பிரஷர் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை. அவர் அவற்றைச் சாப்பிடுகிறார் என்று அங்கே யாராவது கேட்டார்களா, இவர்கள் சொன்னார்களா என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு மருமகளுடையது. பத்தாவது வரை படித்தவர், மிகவும் கவனமானவர். அவர் கணக்கு இப்படி: "அது பிரஷருக்கு, இது ஹார்ட்டுக்கு. ரெண்டும் வேற வேறதானே சார்?" ஆக, எட்டு பத்தானது.

ஏப்ரலில் இந்தப் பெரியவர் என் ஓ.பி.க்கு வந்திருந்தார். முழங்கால் வலி. நாடி 56, அழுத்தம் 104/66. இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது சரிதான் என்று குறித்துக்கொண்டு பாராசிட்டமால் எழுதி அனுப்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன்; பையைக் கொண்டு வரச் சொல்லவில்லை. டிசம்பருக்குப் பிறகு ஒருமுறைகூட ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கப்படவில்லை என்பதையும் நான் கேட்கவில்லை. வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள் என்பது ஒரு காரணமாகாது.

பாராசிட்டமாலுக்கு வலி கேட்கவில்லை. மெடிக்கலில் போய், "முட்டி வலிக்கு நல்லதா ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கியிருக்கிறார். காலை ஒன்று, இரவு ஒன்று. வலி குறைந்தது. திரும்பத் தறியில் உட்கார முடிந்தது. அவருக்கு அது பெரிய நிம்மதி.

அந்த மூன்று நாட்கள்

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் அன்று யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் பெரியவரும் கூட்டத்தில் நின்றார். வீடு நிறைய உறவினர்கள், வெளியே கண்ட இடத்தில் தண்ணீர், மோர். மறுநாள் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, ஆறு ஏழு தடவை. இரண்டு முறை வாந்தி. அதற்கடுத்த நாளும் அப்படியே.

சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை மட்டும் ஒன்று விடாமல் இறங்கியது. "எது விட்டாலும் மாத்திரைய வுடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு" என்று அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த உடம்பில் நீர் மாத்திரையும் வேலை செய்தது. தெம்புக்கு இளநீர் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. வெயிலில் வாடியவருக்கு யாரும் செய்கிற உபசாரம்தான்.

மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய போகவே இல்லை. மாலையில், "உடம்பு இன்னாமோ மாரி கீதும்மா, கண்ணு கட்டிக்கினு வருது" என்றவர், எழுந்து இரண்டடி வைத்ததும் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, திரும்ப மாரடைப்பு என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்த சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை இன்னும் இறக்கும். நெஞ்சு வலித்தால் உட்காரவைத்து வைக்க வேண்டியது அது. தலைசுற்றலுக்கோ மயக்கத்துக்கோ உரியது அல்ல.

வந்த நிலை

இரவு 9 மணி. கை கால் சில்லிட்டிருந்தன. கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொன்னார். நெஞ்சு வலி இல்லை. நாக்கு வறண்டிருந்தது. நுரையீரலில் நீர்ச் சத்தம் இல்லை. சர்க்கரை 118.

ஈ.சி.ஜி.யில் இதயத்தின் மேலறைகளின் துடிப்பு தெரியவே இல்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இடைக்கணுவிலிருந்து மெதுவான துடிப்பு மட்டும். டி அலைகள் கூர்ந்து நெட்டையாக நின்றன. புதிய மாரடைப்புக்கான மாற்றம் எதுவும் இல்லை. அட்ரோபின் 0.6 மி.கி. இரண்டு முறை போட்டோம். நாடி 40-க்கு மேல் ஏறவில்லை. அந்தக் கூர்ந்த அலைகளைப் பார்த்ததும் பொட்டாசியம் நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் அது ஏறினால் அலைகள் இப்படிக் கூரும், நாடியும் இறங்கும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி.யை நரம்பில் மெதுவாக ஏற்றினோம். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. அது இதயத் தசையைக் கொஞ்ச நேரம் காத்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் நாடி 48.

முடிவு வந்தது: பொட்டாசியம் 7.1. இருக்க வேண்டியது 3.5 முதல் 5.0 வரை. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.9, டிசம்பரில் 1.1 இருந்தது.

இன்சுலின் 10 யூனிட்டைக் குளுக்கோஸோடு ஏற்றினோம். அது பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். சால்புடமால் நெபுலைசரும் அதையே செய்யும். பம்பிங் குறைந்த இதயம் என்பதால் சலைனை ஒரேயடியாக ஏற்றாமல், 500 மி.லி. போட்டு நுரையீரலைக் கேட்டு, மறுபடி போட்டோம். அழுத்தம் தாங்காததால் அட்ரினலினைச் சிறிய அளவில் பம்ப் மூலம் நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் எங்களிடம் இல்லை. வேலூருக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். முதல் ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 20 மி.லி.தான். ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திவைத்தோம். இரண்டாம் மணி நேரத்தில் 60 மி.லி. வந்தபோது, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரியாகப் போனது. விடியற்காலையில் பொட்டாசியம் 5.2, நாடி 62.

பை

இரவு 11 மணிக்கு, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும் வேண்டும், ஒன்றுகூட விடாமல்" என்று மகனை அனுப்பினேன். ஒரு மஞ்சள் பை வந்தது. நர்ஸ் மேசையில் கொட்டினோம். நானும் இரவுப் பணி நர்ஸும் ஒவ்வொரு அட்டையையும் விளக்குக்கு நேரே பிடித்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் படித்து ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக அடுக்கினோம். ஐந்து நிமிட வேலை. ஏப்ரலில் நான் செய்யாமல் விட்ட ஐந்து நிமிடம்.

மெட்டோப்ரோலால் பக்கத்தில் அட்டெனலால். ராமிப்ரில் பக்கத்தில் எனாலபிரில். ஒரே வேலையைச் செய்யும் மருந்து இரண்டிரண்டு, ஐந்து மாதமாக.

மருமகளை அழைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "நாந்தான் சார் குடுத்தேன்" என்று அழ ஆரம்பித்தார். சொன்னபடி செய்தவர் அவர். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்போதே சொன்னேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன். அப்புறம் அவருக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தேன். எல்லா வீட்டுக்கும் அது பயன்படும். மருந்துப் பெயரின் வால் அதன் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். 'லால்' என்று முடிபவை நாடியைத் தணிப்பவை: அட்டெனலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால். 'ப்ரில்' என்று முடிபவை ரத்தக் குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பவை: எனாலபிரில், ராமிப்ரில். 'சார்டன்' என்று முடிகிற லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை இந்தப் 'ப்ரில்'களுக்குப் பங்காளிகள். 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்பு மாத்திரை. ஒரே வால் இரண்டு அட்டையில் இருந்தாலோ, 'ப்ரில்' ஒன்றும் 'சார்டன்' ஒன்றும் சேர்ந்து இருந்தாலோ, எதையும் நிறுத்தாமல் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருமகள் இதை அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

ஏன் இப்படி ஆனது

ஐந்து மாதம் இரட்டை மாத்திரையைத் தாங்கிய உடம்பு மூன்று நாளில் ஏன் சாய்ந்தது? இதற்குச் சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்து ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும், மதகு அளவாகத் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏரியில் மட்டம் நிற்கும். சிறுநீரகத்தின் வடிகட்டியும் அப்படித்தான். உள்ளே வரும் குழாய் விரிந்தும், வெளியே போகும் குழாய் சற்று இறுகியும் இருந்தால்தான் வடிகட்டப் போதுமான அழுத்தம் நிற்கும். வயிற்றுப்போக்கும் நீர் மாத்திரையும் வரத்தையே குறைத்துவிட்டன. டைக்ளோஃபெனாக் உள்வரும் குழாயை விரித்து வைக்கும் சுரப்பைத் தடுத்தது. கால்வாய் வாய் அடைபட்ட மாதிரி. ராமிப்ரிலும் எனாலபிரிலும் மதகை முழுக்கத் திறந்துவிட்டன. மட்டம் இறங்கி, வடிகட்டுதல் நின்றது.

வடிகட்டுதல் நின்றால் பொட்டாசியம் வெளியேறாது. ஸ்பைரோனோலாக்டோனும் 'ப்ரில்'களும் ஏற்கெனவே பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கிற மருந்துகள். அதன்மேல் இளநீர்: 100 மி.லி. இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லது. இவருக்கு அந்த மூன்று நாளில் அது தாங்கவில்லை. ரத்தக்கொதிப்புக்கு என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

இன்னொன்று, மருத்துவ மாணவர்களும் தவறவிடுவது. மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் கரைத்துவிடும். அட்டெனலால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நின்றதும் அட்டெனலால் உடம்பிலேயே தேங்கியது. தேங்கிய மருந்தும் ஏறிய பொட்டாசியமும் சேர்ந்து நாடியை அமுக்கின. நாடி இறங்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் இன்னும் குறையும். பொட்டாசியம் இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சுழலுக்கு 2016-இல் அமெரிக்க மருத்துவர் ஜோஷ் ஃபார்கஸ் 'பிராஷ்' என்று பெயர் வைத்தார். இதில் பொட்டாசியமோ மாத்திரையோ தனித்தனியாகப் பயமுறுத்தும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. சேர்ந்தால் போதும்.

ஸ்பைரோனோலாக்டோனைப் பற்றி ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1999-இல் வெளியான ரேல்ஸ் என்ற ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பில் இந்த மாத்திரை மரணத்தை 30 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. விலை மலிந்த, பழைய மாத்திரை. உலகமெங்கும் எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் பொட்டாசியம் 5-க்கு மேலோ கிரியாட்டினின் 2.5-க்கு மேலோ உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வெளியே அந்தக் கவனம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இதயச் செயலிழப்புள்ள முதியவர்களில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் 1000 பேருக்கு 2.4 ஆக இருந்தது, 2001-இல் 11 ஆனது. அதே மாத்திரைதான். அதை எழுதுவது பல மடங்கு கூடியது, ரத்தம் பார்ப்பது அதற்கு ஈடாகக் கூடவில்லை. தொடங்கி ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். இவருக்கு ஐந்து மாதத்தில் ஒருமுறையாவது பார்த்திருந்தால், வைகாசிக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதை நிறுத்தினோம், எதைத் தொடவில்லை

அன்றிரவு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தவே இல்லை. ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. உலோக வலையின்மேல் ரத்தம் உறைந்து திடீரென அடைத்துக்கொள்ளாமல் இந்த இரண்டும்தான் காக்கின்றன. பல் பிடுங்கவோ சிறு அறுவைக்கோ போகும்போது பலர் இவற்றைத் தாங்களாகவே நான்கு நாள் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். வயிற்றுக்கு மாத்திரை வாங்கும்போது ஒமெப்ரசோலைக் கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோலில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

கொழுப்பு மாத்திரையும் தொடர்ந்தது. முழங்கால் வலிக்கு இதுதான் காரணம் என்று வீட்டில் ஒரு சந்தேகம் இருந்தது. ஸ்டாட்டினால் வரும் வலி தசையில் வரும், பெரும்பாலும் இரு பக்கமும் தொடை, தோள்களில். இவருடையது மூட்டுத் தேய்மானம்.

டைக்ளோஃபெனாக் ஒரேயடியாக நின்றது. மூட்டு வலிக்குத் தொடைத் தசைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், அளவோடு பாராசிட்டமால். வலியைச் சரியாகக் கவனிக்காமல் 'சாப்பிடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மறுபடி மெடிக்கலுக்குத்தான் போவார்.

அட்டெனலாலும் எனாலபிரிலும் நிரந்தரமாக நின்றன. சுகாதார நிலையத்து நோட்டில் சிவப்பு மையில் எழுதி, அங்கே மருந்து கொடுக்கும் நர்ஸிடம் போனிலும் பேசினேன். அட்டெனலால் கெட்ட மாத்திரை இல்லை. ஆனால் பம்பிங் குறைந்த இதயத்தில் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்டவை மெட்டோப்ரோலாலின் மெதுவாகக் கரையும் வகை, பைசோப்ரோலால், கார்வெடிலால் போன்றவைதான். மெட்டோப்ரோலாலை மூன்று நாள் நிறுத்திவைத்து, நாடி 78-க்கு வந்ததும் 25 மி.கி.யில் தொடங்கினோம். 'லால்' மாத்திரையை வீட்டில் யாரும் திடீரென நிறுத்தக் கூடாது. நாடி துள்ளிக் கிளம்பி மாரடைப்பே வரலாம். நாங்கள் நிறுத்தியது மானிட்டர் பக்கத்தில் இருந்ததால்.

ஆறாம் நாள் கிரியாட்டினின் 1.2. பாதியாக்கிய நீர் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினோம். தினமும் காலையில் எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் சொல்ல வேண்டும். ராமிப்ரிலைப் பத்து நாள் கழித்து 1.25 மி.கி.யில் தொடங்கினேன். ஸ்பைரோனோலாக்டோனுக்கு எட்டு வாரம் காத்திருந்து, அரை மாத்திரை. "இதையெல்லாம் எடுத்துட்டா நல்லதுதானே?" என்று மகன் கேட்டார். நியாயமான பயம். ஆனால் அப்பாவின் இதயத்துக்கு மெட்டோப்ரோலால், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் ஆயுள் தருகிறவை; ரத்தம் பார்த்துக்கொண்டு கொடுப்பதுதான் வழி என்று விளக்கினேன்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே அதன் வேலை. கீழே கட்டம் கட்டி ஒரு பகுதி: வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பாடு இறங்காத காய்ச்சல் வந்தால் ராமிப்ரில், நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் மூன்றையும் அன்றைக்கு நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும், ஒன்றிரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுக் குடித்த பிறகு திரும்பத் தொடங்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எந்த நாளும் நிற்காது. இது இவருக்கு எழுதிய தாள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவருடைய மருத்துவரிடம் இப்படி ஒன்று கேட்டு எழுதி வாங்குங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே. சார்பிட்ரேட்டுக்கும் ஒரு வரி சேர்த்தேன்: நெஞ்சு வலிக்கு மட்டும், உட்கார்ந்தபடி ஒன்று; ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் 108.

பின்தொடர்தல்

ஜூலை கடைசியில் வந்தார். நாடி 64, அழுத்தம் 112/70, பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 1.1. எக்கோவில் பம்பிங் 42. தறியில் காலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறாராம். நான் கேட்பதற்கு முன்பே மருமகள் மஞ்சள் பையை என் மேசையில் கொட்டினார்.

அதில் எனக்குத் தெரியாத ஓர் அட்டை இருந்தது. எட்டோரிகாக்சிப், மூட்டு வலிக்கு. இதுவும் டைக்ளோஃபெனாக்கின் இனம்தான். இதய நோயாளிக்குக் கூடவே கூடாதது. "பக்கத்து வூட்டுத் தம்பி குடுத்தான் டாக்டர், நல்லாக் கேக்குமாம்" என்றார் பெரியவர். மருமகள் குறுக்கிட்டார்: "ஒண்ணுகூடப் பிரிக்கல சார். உங்களக் கேட்டுட்டுத்தான்னு மாமாகிட்ட வாங்கி வெச்சிட்டேன்."

அட்டையை எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன.